நான்கு துளைகள்

ஏழு மணிக்கு வில்மார் கூப்பிட்டார்.
"கிளம்ப மாட்டேன் என்கிறது" என்றார்.
எந்த வண்டி என்று சொல்லவில்லை,
அந்தத் தெருவில் வெள்ளை ஃபியட் ஊனோ ஒன்றுதான்.
ஜூலைக் குளிர். மேலோ ஊர் முழுக்க மூடுபனி.
பிரேசில் எல்லைக்குப் போகும் லாரிகள்
வெறும் விளக்குகளாய்ப் போய்க்கொண்டிருந்தன.

பானெட்டைத் தூக்கினேன். அதன் கம்பி நிற்காது,
அதற்கென்றே ஒரு விளக்குமாற்றுக் கட்டை வைத்திருக்கிறார்.

"சாவியைத் திருப்புங்கள்."
இன்ஜின் சுற்றியது. உற்சாகமாகவே சுற்றியது,
பந்தியில் உட்கார்ந்து இலை வராதவன்
கையை மட்டும் கழுவிக்கொண்டிருப்பது மாதிரி.
அப்படியென்றால் பாட்டரி இல்லை, ஸ்டார்ட்டரும் இல்லை.
இருந்தாலும் மீட்டரை வைத்தேன்: பன்னிரண்டு புள்ளி ஐந்து.
என்னை நானே நம்புவதற்கு
எப்போதும் ஓர் எண் வேண்டியிருக்கிறது.

பிளக்கைக் கழற்றி இரும்பில் சாய்த்தேன்.
நீலப் பொறி, டப் டப்பென்று.
நுனி காய்ந்திருந்தது. முகர்ந்தேன்.
பெட்ரோல் வாசனை துளியும் இல்லை.

"மறுபடி. பாதி மட்டும். பேசாதீர்கள்."
பின்சீட்டில் காதை வைத்துப் படுத்தேன்.
பம்ப் இரண்டு நொடி முனக வேண்டும்,
தூக்கத்தில் யாரோ புரண்டு படுப்பதுபோல.
எதிர்வீட்டு நாய் கொட்டாவி விட்டது கேட்டது.
வில்மார் மூச்சை அடக்கியிருந்தது கேட்டது.
பம்ப் கேட்கவில்லை.

டாங்கில் பாதி இருக்கிறது.
ஃபியூஸ் முழுசாக இருக்கிறது.
ரிலே

ரிலே இல்லை.

கெட்டுப்போன ரிலே நூறு பார்த்திருக்கிறேன்.
கருகியது, தண்ணீர் இறங்கியது, எறும்பு குடிவைத்தது.
இது அந்த வகை இல்லை. நான்கு துளைகள்,
பல் பிடுங்கிய ஈறுபோலச் சுத்தமாக.
சுற்றிலும் இருபது வருஷத் தூசி.
தூசியில் இரண்டு விரல் தடம், மெல்லிய விரல்கள்.
அவற்றின் மேல் அகலமாய் இன்னொரு தடம்,
அதை நான் யோசிக்கவில்லை.

சமையலறை ஜன்னலில் அவர் மகள் ஸுல்மா
குவளை துடைத்துக்கொண்டிருந்தாள்.
துடைத்த குவளையையே.

மே மாதம் அவர் பேக்கரிச் சுவரில் இடித்தபோது
பழியை நாங்கள் இருட்டின் மேல் போட்டோம்.
ஜூனில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு சைக்கிள் கவிழ்ந்தது.
பையனுக்கு முழங்கையோடு போயிற்று.
அன்றைக்கு நல்ல வெயில்.

என் கோட்டுப் பையில் புது ரிலே ஒன்று இருந்தது.
சொருகினால் நான்கு நொடி வேலை.
அதை விரலால் உருட்டிக்கொண்டே சொன்னேன்:
"பம்ப் போய்விட்டது. மோன்டெவிதேயோவில்
சொல்லி வைக்க வேண்டும். நாளாகும்."

அவர் மாத்தேக் குடுவையில் வெந்நீர் ஊற்றினார்.
விளிம்பு தாண்டி வழிந்து கட்டைவிரலைச் சுட்டது.
விரலை எடுக்கவில்லை.
"எத்தனை நாள்?"
"நிறைய."

"நெல்டா," என்றார்,
"செவ்வாய்க்கிழமையே தடவிப் பார்த்துவிட்டேன்.
என் மேசை டிராயரில் மூன்று ரிலே கிடக்கிறது,
உன் கடையில் வாங்கியதுதான்.
ஒன்றைப் போட்டேன். முதல் திருப்பலிலேயே கிளம்பிற்று.
கேட்டு வரை போகலாம் என்று எடுத்தேன்.
கேட்டு எங்கே என்று தெரியவில்லை.
இறங்கி, கழற்றி வைத்துவிட்டேன்."

பிறகு என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள்
என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

"யாராவது ஒருத்தர் வந்து பார்த்து
வண்டிதான் கெட்டுப்போச்சு என்று
சொல்லட்டும் என்றுதான்."

கட்டையை எடுத்தேன். பானெட் தானாகவே விழுந்தது.
கூலி வேண்டாம் என்றேன். ஒப்பவில்லை.
நோட்டுகளை ஒவ்வொன்றாய்க் கண்ணருகே பிடித்து
எண்ணி முடிக்கும்வரை
நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரசீது போடு. ஸுல்மாவிடம் காட்ட வேண்டும்.
பம்ப் என்றே எழுது."
எழுதினேன். வாங்கிப் பார்த்தார், தூரப் பிடித்தார்,
திருப்பிக் கொடுத்தார்.

"இன்னும் கொஞ்சம்
பெரிய எழுத்தில்."